ஒன்டாரியோ ஏரியைக் கடந்த முதல் நீச்சல் (1954)

வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளுள் ஒன்றான ஒன்டாரியோ ஏரியை நீந்திக் கடந்த முதல் மனிதர் மரிலின் பெல் (பிறப்பு: 1937). கனடாவின் டொராண்டோ நகரில் பிறந்த இவர், 1954 செப்டம்பர் 8ஆம் நாள் இரவு அமெரிக்கக் கரையில் நீரில் இறங்கி, மறுநாள் இரவு கனடாவின் கரையை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 16. நீந்திய நேரம் 20 மணி 59 நிமிடம். விளையாட்டு வரலாற்றில் இது தனிநபர் சாதனையாகவே பதிவாகியுள்ளது. ஆயினும் படகிலிருந்து இரவு பகலாக வழிகாட்டிய பயிற்சியாளர் கஸ் ரைடரின் பங்கை விட்டுவிட்டு இந்நிகழ்வைப் புரிந்துகொள்ள முடியாது.

ஏரியின் தன்மை

ஏரி என்றவுடன் மறுகரை தெரியும் நம் ஊர் ஏரிகளை நினைத்துவிடக் கூடாது. பேரேரிகளுள் பரப்பளவில் சிறியது ஒன்டாரியோ. அதுவே சுமார் 311 கி.மீ. நீளமும் 85 கி.மீ. வரை அகலமும் கொண்டது. மிக ஆழமான இடத்தில் ஆழம் 244 மீட்டர். நடுப்பகுதியில் நீந்துபவருக்கு எந்தத் திசையிலும் கரை தெரியாது.

கடலில் நீந்துவதைவிட இங்கு நீந்துவது சில வகைகளில் கடினம். நன்னீரின் அடர்த்தி உப்புநீரைவிடக் குறைவு. எனவே உடலை மேலே தாங்கும் விசையும் சற்றுக் குறைவு. ஏரியின் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழுவதால் மூச்செடுக்கும் ஒழுங்கு கெட்டுவிடும். காற்று மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளும்போது, ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுந்து அந்த இடத்தை நிரப்பும். இதனால் கரையை நெருங்கும் வேளையில்கூட நீர் திடீரெனக் குளிர்ந்துவிடலாம். நீர், காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை வெளியே கடத்துவது. ஆகவே தூரத்தைவிடக் குளிரே நீச்சல்காரரின் பெரும் எதிரி.

பின்னணி

டொராண்டோவில் ஆண்டுதோறும் நடைபெறும் கனடிய தேசியப் பொருட்காட்சியினர், மக்களை ஈர்ப்பதற்காக 1954இல் ஓர் ஏற்பாடு செய்தனர். ஆங்கிலக் கால்வாயை இரு திசைகளிலும் நீந்திக் கடந்து புகழ்பெற்றிருந்த அமெரிக்க வீராங்கனை புளோரன்ஸ் சாட்விக், ஒன்டாரியோ ஏரியைக் கடந்தால் 10,000 டாலர் தருவதாக அறிவித்தனர். இந்த வாய்ப்பு அவர் ஒருவருக்கே உரியதாக இருந்தது. கனடாவின் ஏரியைக் கடக்கக் கனடியர் ஒருவருக்கும் அழைப்பில்லையே என்ற மனக்குறை எழுந்தது.

பரிசுக்கு உரிமை இல்லாத நிலையிலும் இரு கனடியப் பெண்கள் நீந்த முன்வந்தனர். ஒருவர், 1951இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் கனடியரான வின்னி ரோச் லூஸ்லர். மற்றொருவர் பள்ளி மாணவியான மரிலின் பெல். அதே ஆண்டு ஜூலையில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த நெடுந்தூர நீச்சல் போட்டியில், தூரத்தை முடித்த முதல் பெண்ணாக இவர் வந்திருந்தார். டொராண்டோ ஸ்டார் நாளிதழ் இவருக்கு ஆதரவளித்தது.

வழிகாட்டு நீச்சலின் முறை

நெடுந்தூர நீச்சலில் வீரருடன் படகு செல்லும். ஆனால் படகைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. படகிலிருப்போர் அவரைத் தாங்கவும் கூடாது. அப்படிச் செய்தால் முயற்சி அத்துடன் முடிந்துவிடும். இந்த எல்லைக்குள் நின்றுகொண்டே வழிகாட்டி மூன்று பணிகளைச் செய்ய வேண்டும்.

முதலாவது திசை. நீர்மட்டத்தில் தலை வைத்திருப்பவருக்கு அடுத்த அலைதான் தெரியும். படகோ திசைகாட்டியையும் கடிகாரத்தையும் கொண்டு செல்லும். செயற்கைக்கோள் வழிகாட்டிகள் இல்லாத அக்காலத்தில் காற்றால் ஏற்படும் விலகலைக் கணிப்பது எளிதாக இல்லை. நேர்க்கோட்டில் 51.5 கி.மீ. என்று திட்டமிட்ட பாதை, உண்மையில் அதைவிட மிகவும் நீண்டுவிட்டது.

இரண்டாவது உணவு. நீண்ட கழியின் முனையில் கோப்பையை வைத்து ரைடர் உணவை நீட்டுவார். மரிலின் நின்ற இடத்திலேயே காலை அசைத்து மிதந்தபடி அதை உண்பார். பாப்லம் எனப்படும் குழந்தைகளுக்கான தானியக் கூழ், சோளப்பாகு, எலுமிச்சைச் சாறு கலந்த நீர் ஆகியவையே அவருடைய உணவு. எளிதில் செரித்து விரைவில் ஆற்றல் தருபவை என்பதே இவற்றைத் தேர்ந்ததற்குக் காரணம்.

மூன்றாவது மனத்திடம். அலைகளின் இரைச்சலில் பேச்சு காதில் விழாது. எனவே ரைடர் ஒரு கரும்பலகையில் செய்திகளை எழுதிக் காட்டினார்.

இரவும் பகலும்

செப்டம்பர் 8 அன்று இரவு 11 மணி 7 நிமிடத்துக்கு, நயாகரா ஆறு ஏரியில் கலக்கும் இடத்தருகே உள்ள யங்ஸ்டவுனிலிருந்து மரிலின் புறப்பட்டார். ஆற்றின் ஓட்டம் தொடக்கத்தில் நீச்சல்காரரை ஏரிக்குள் தள்ளி உதவும். அதன்பின் இருட்டும் அலையும்தான். லாம்ப்ரே எனப்படும், விலாங்கு போன்ற ஒட்டுண்ணி மீன்கள் வட்டமான உறிஞ்சு வாயால் உடலில் ஒட்டிக்கொண்டன. அவற்றைக் கையால் அடித்து விலக்கியபடியே அவர் நீந்தினார்.

சில மணி நேரத்தில் சாட்விக் வயிற்று உபாதையால் நீரிலிருந்து வெளியேறினார். பின்னர் லூஸ்லரும் வெளியேற, ஏரியில் எஞ்சியவர் மரிலின் மட்டுமே. பகல் ஏற ஏற அவருடைய கைவீச்சு தளர்ந்தது. அப்போது தோழி ஜோன் குக் படகிலிருந்து குதித்து, உடலைத் தொடாமல் சிறிது தூரம் பக்கத்திலேயே நீந்தி ஊக்கமூட்டினார். வானொலி நிலையங்கள் மணிக்கு மணி செய்தி சொல்ல, நாளிதழ்கள் சிறப்புப் பதிப்புகளை வெளியிட்டபடி இருந்தன.

இரவு 8 மணியைச் சற்றுக் கடந்து, டொராண்டோவின் சன்னிசைடு பகுதிக்கு அருகிலுள்ள அலைதடுப்புச் சுவரை மரிலின் தொட்டார். கரையில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கூடியிருந்ததாக மதிப்பிடப்பட்டது. பொருட்காட்சியினர் 10,000 டாலர் பரிசை அவருக்கே வழங்கினர். இன்று அந்தக் கரையில் உள்ள பூங்கா அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

முடிவெடுப்பவர் யார்?

இந்த வெற்றியில் மாணவர்கள் சிந்திக்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. நீண்ட நேரம் குளிர்நீரில் இருப்பவருக்குக் கைகால்கள் மட்டுமன்றிச் சிந்தனையும் மந்தமாகும். தொடரலாமா, நிறுத்தலாமா என்று சரியாக முடிவு செய்யும் நிலையில் அவர் இருக்கமாட்டார். அந்தப் பொறுப்பு படகில் இருப்பவருடையதாகிறது. 16 வயதுப் பெண்ணைத் தொடர்ந்து நீந்தச் சொன்ன ரைடரின் முடிவு வெற்றியில் முடிந்தது. ஆனால் முடிவு நன்றாக அமைந்ததால் மட்டும், எடுத்த துணிவு சரியென்று ஆகிவிடாது. மரிலினின் கைவீச்சையும் முகக்குறியையும் நாள்தோறும் பார்த்துப் பழகியவர் ரைடர் என்பதே அவர் பக்கமுள்ள வலுவான நியாயம். வெற்றியை மிகவும் விரும்பியவரும் அவரே என்பது எதிர்ப்பக்கமுள்ள நியாயம்.

பிற்காலத்தில் ஒன்டாரியோவில் இத்தகைய நீச்சல்களுக்கென ஓர் அமைப்பு ஏற்பட்டு, விதிகளை வகுத்தது. பயிற்சியாளர் அல்லாத ஒரு கண்காணிப்பாளர் உடன் செல்வதும், ஆபத்தென்று கண்டால் நீச்சலை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருப்பதும் இவ்விதிகளின் சாரம். 2012இல் 14 வயது அனலீஸ் கார் இதே ஏரியைக் கடந்தபோது இந்த ஒழுங்கு நடைமுறையில் இருந்தது. ஊக்கப்படுத்துபவரும் நிறுத்துபவரும் வேறுவேறாக இருப்பதே பாதுகாப்பு என்பதை அனுபவம் கற்றுத்தந்தது.

பிற்கால வாழ்க்கை

மரிலின் 1955இல் ஆங்கிலக் கால்வாயையும், 1956இல் கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான் டி ஃபூக்கா நீரிணையையும் கடந்தார். பின்னையதில் முதல் முயற்சி நிறைவேறவில்லை. அதே மாதம் மீண்டும் முயன்று வென்றார். அதன்பின் போட்டி நீச்சலிலிருந்து விலகி, திருமணமாகி அமெரிக்காவில் குடியேறினார்.

மரிலின் ஒன்டாரியோவைக் கடந்த அதே 1954ஆம் ஆண்டில்தான், யாழ்ப்பாணத்தின் வடகரையைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக் நீரிணையை நீந்திக் கடந்தார் என்பது தமிழ் வாசகர்கள் சேர்த்து நினைக்கத்தக்கது. இரு நீச்சல்களிலும் ஒருவருடைய பெயரே நிலைத்தது. பக்கத்தில் ஒரு படகும், அதில் தூங்காமல் விழித்திருந்த சிலரும் இல்லாமல் எந்த நெடுந்தூர நீச்சலும் நிறைவேறுவதில்லை.