நான்கு இறகு வால்: ஓர் அற்புதச் சிட்டின் வரலாறு

பறவைக்கு வால் எதற்கு? பறக்கும்போது திசை திருப்பவும், வேகத்தைக் குறைக்கவும், கிளையில் வந்து அமரும்போது தடுமாறாமல் இருக்கவும் வால் உதவுகிறது. பெரும்பாலான பறவைகளுக்கு வாலில் பத்து அல்லது பன்னிரண்டு இறகுகள் உண்டு. ஆனால் தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் மலைக்காடுகளில் வாழும் ஒரு சின்னஞ்சிறு பறவைக்கு வாலிறகுகள் நான்கே நான்குதான். ஆண் பறவையில் அவற்றுள் இரண்டு, உடலைவிட நீண்டு, கம்பிபோல் மெலிந்து, ஒன்றையொன்று குறுக்கே கடந்து செல்கின்றன. அவற்றின் நுனியில் கருநீல நிறத்தில் இரண்டு வட்டத் தட்டுகள் தொங்குகின்றன.

லாடிஜீசியா மிராபிலிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். மிராபிலிஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'வியப்புக்குரிய' என்று பொருள். இந்த வால் எதற்கு என்ற கேள்விக்கு விடை காண ஐரோப்பிய அறிஞர்கள் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அந்த வரலாற்றைக் காண்போம்.

ரீங்காரச் சிட்டுகள்

இப்பறவை ஹம்மிங் பறவை இனத்தைச் சேர்ந்தது. சிறகடிக்கும் வேகத்தில் எழும் ஒலியால் இவ்வினத்தை ரீங்காரச் சிட்டு எனலாம். நம் வீட்டுத் தோட்டத்தில் செம்பருத்திப் பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டை ஹம்மிங் பறவை என்று பலர் எண்ணுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். ஒரே விதமான உணவுப் பழக்கத்தால் தோற்றத்தில் ஒத்திருக்கின்றன, அவ்வளவே. ஏறத்தாழ 360 வகை ரீங்காரச் சிட்டுகளும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன.

ஆண்டிஸ் மலைத்தொடரில் இவை மிகப் பல வகைகளாகப் பெருகியுள்ளன. ஆழமான பள்ளத்தாக்குகளும் உயர்ந்த முகடுகளும் காடுகளைத் தனித்தனித் தீவுகள்போல் பிரித்து விடுகின்றன. ஒரு சரிவில் வாழும் பறவை அடுத்த சரிவுக்குச் செல்வதில்லை. நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்த கூட்டங்கள் தனித்தனி இனங்களாயின. நமது அற்புதச் சிட்டும் வடபெருவில் உட்குபாம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கையும் அதன் அண்டைப் பகுதிகளையும் தவிர வேறெங்கும் இல்லை. பெரும்பாலும் 2,000 முதல் 3,000 மீட்டர் வரை உயரமுள்ள காட்டோரங்களிலும் புதர்களிலும் அது வாழ்கிறது.

தோட்டக்காரர் திரட்டிய செல்வம்

இலண்டனை அடுத்த ஹாக்னியில் புகழ்பெற்ற செடிப்பண்ணை ஒன்றை நடத்தி வந்தவர் ஜார்ஜ் லாடிஜஸ். உலகின் பல பகுதிகளிலிருந்து செடிகளையும் விதைகளையும் தருவித்து விற்பது அவர் குடும்பத் தொழில். பாடம் செய்த ரீங்காரச் சிட்டுகளைச் சேகரிப்பது அவருடைய தனி ஆர்வம். பெருவில் தாவரங்களைத் தேடி அலைந்த ஆண்ட்ரூ மாத்யூஸ் என்னும் ஆங்கிலேயர், 1835-ஆம் ஆண்டு சாச்சபோயாஸ் நகரை ஒட்டிய மலைப்பகுதியில் ஓர் ஆண் பறவையைப் பிடித்து, அதன் தோலை லாடிஜஸுக்கு அனுப்பினார். ஐரோப்பாவை எட்டிய முதல் அற்புதச் சிட்டு அதுவே.

மாத்யூஸ் தாயகம் திரும்பவில்லை. 1841-இல் சாச்சபோயாஸிலேயே இறந்தார். லாடிஜஸ் 1846-இல் காலமானார். அடுத்த ஆண்டில்தான் பிரெஞ்சு அறிஞர் பூர்சியே இப்பறவைக்கு அறிவியல் பெயர் சூட்டினார். பின்னர் பேரினப் பெயரில் லாடிஜஸின் பெயர் இடம் பெற்றது. பிடித்தவர் பெயர் அதில் இல்லை!

அக்காலத்தில் ரீங்காரச் சிட்டுகள்மீது இலண்டன் மக்களுக்குப் பெரும் மோகம் இருந்தது. 1851-இல் ஜான் கூல்டு என்னும் பறவையியல் அறிஞர், தாம் சேகரித்த சிட்டுகளை விலங்குக் காட்சிச்சாலையில் கண்ணாடிப் பேழைகளில் வைத்தார். சுமார் 75,000 பேர் வந்து பார்த்தனர். ஆனால் கூல்டு அதுவரை உயிருள்ள ரீங்காரச் சிட்டு ஒன்றைக்கூடக் கண்டதில்லை. 1857-இல் அமெரிக்கா சென்றபோதுதான் அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அன்றைய பறவையியல் பெரும்பாலும் தோல்களைக் கொண்டே வளர்ந்தது என்பதற்கு இது ஒரு சான்று. தோலைக் கொண்டு அலகை அளக்கலாம், இறகுகளை எண்ணலாம், நிறத்தை எழுதி வைக்கலாம். பறவை எப்படி வாழ்கிறது என்பதை அது சொல்லாது.

உயிருடன் கண்டவர்

சார்லஸ் டார்வின் 1871-இல் வெளியிட்ட நூலில் ஒரு கருத்தைக் கூறினார். ஆண் பறவைகளின் பகட்டான இறகுகள் பெண் பறவைகளின் தேர்வினால் உருவாயின என்பதே அது. இதை ஏற்காதவரும் பலர் இருந்தனர். இத்தகைய கேள்விக்குப் பேழையிலிருக்கும் தோல் விடை தர இயலுமா? காட்டுக்குச் சென்று பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

போலந்து நாட்டவரான யான் ஸ்டோல்ட்ஸ்மன் 1875 முதல் பெருவில் பறவைகளைத் தேடி வந்தார். மாத்யூஸின் பறவை பிடிபட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பின், அற்புதச் சிட்டை அவர் மீண்டும் கண்டுபிடித்தார். வார்சா அருங்காட்சியகத்தைச் சேர்ந்த தச்சனோவ்ஸ்கியுடன் இணைந்து அவர் எழுதிய குறிப்பு 1881-இல் இலண்டன் விலங்கியல் கழக வெளியீட்டில் வந்தது.

ஆணின் வால் காதலாட்டத்துக்கு உரியது என்பது இன்று தெளிவு. பெண் பறவையின் எதிரே அந்தரத்தில் நின்றபடி, ஆண் தன் இரு தட்டுகளையும் தலைக்கு மேலே தூக்கி அசைக்கிறது. சில கிராம் எடையே உள்ள பறவைக்கு இது கடும் உழைப்பு. ஆகவே ஆட்டம் சில நொடிகளே நீடிக்கிறது. 2009-இல் பி.பி.சி. தொலைக்காட்சி இதை அதிவேகப் படப்பதிவில் மெதுவாக்கிக் காட்டியபோது, வெறுங்கண்ணுக்குத் தப்பிய அசைவுகளை மக்கள் கண்டனர்.

காடு இருந்தால்தான்

வால் பற்றிய புதிர் விடுபட்டது. ஆனால் பறவையின் நிலை பாதுகாப்பானது அன்று. பயிருக்காகவும் மேய்ச்சலுக்காகவும் மலைச்சரிவுகளின் காடு வெட்டப்பட்டது. ஆண் பறவையின் உலர்ந்த இதயம் காமத்தைத் தூண்டும் என்ற மூடநம்பிக்கையால் கவண் கொண்டு வேட்டையாடியவர்களும் உண்டு. வாழிடம் இவ்வளவு குறுகியதாக இருப்பதால், ஒரு பள்ளத்தாக்கின் அழிவே ஓர் இனத்தின் அழிவாகிவிடக் கூடும்.

பொமகோச்சாஸ் ஏரிப் பகுதி மக்கள் இதை உணர்ந்தனர். 2005-ஆம் ஆண்டில், தங்கள் நிலத்தின் ஒரு பகுதியை இப்பறவைக்காகப் பாதுகாக்கப் பறவைப் பாதுகாப்பு அமைப்புகளுடன் ஒப்பந்தம் செய்து கொண்டனர். நிலம் அவர்களுடையதாகவே இருந்தது. அங்கே நாட்டு மரங்களும் செடிகளும் நடப்பட்டன. உவெம்போ எனப்படும் அவ்விடத்துக்குப் பறவையைக் காண வெளிநாட்டினர் வரத் தொடங்கினர்.

மாத்யூஸ் காலத்தில் ஒரு பறவையை அறிய அதைக் கொன்று தோலை அனுப்புவதே வழியாக இருந்தது. இன்று அதை அறிய விரும்புகிறவர் அதன் காட்டையும் காக்க வேண்டியவராகிறார். காடு இல்லையேல், நான்கு இறகு வாலின் ஆட்டத்தை இனி எந்தப் பேழையும் நமக்குக் காட்டாது.