அகரவரிசையிலிருந்து அண்மைவரிசைக்கு

1878 பெப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 50 பெயர்களைக் கொண்ட தொலைபேசிப் பெயரேடு ஒற்றைத் தாளாக வெளியாயிற்று. தொலைபேசி இலக்கங்கள் அதில் இல்லை. பிற்காலத்தில் தொழில்வாரியான மஞ்சட் பக்கங்கள் பெருகியபோது, ஒவ்வொரு தொழிலின் கீழும் பெயர்கள் அகரவரிசையில் அமைந்தன. ஆதலால் ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தை மும்முறை அடுக்கித் தம் நிறுவனத்துக்குப் பெயரிட்ட வணிகரும் உளர். நகைப்புக்குரியதாயினும் அது பயனுள்ள உபாயமே. ஏட்டைப் புரட்டித் தம் இடத்தை அவர்கள் அறிந்தனர். அயலவரும் அதே பக்கத்தையே கண்டனர்.

தேடுபொறிகளின் வருகையால் இப்பொதுப்பக்கம் மறைந்தது. கூகிள் நிறுவனம் 2004இல் உள்ளூர்த் தேடலை ஆரம்பித்தது. வரிசைப்படுத்துதற்குரிய அளவைகளாகப் பொருத்தம், தூரம், பிரபல்யம் ஆகியவற்றை அந்நிறுவனம் கூறுகின்றது. இவற்றுள் தூரமே ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. தேடுபவர் நிற்கும் இடம் மாற, வரிசையும் மாறக்கூடும். தன் கடையிலிருந்தே தேடும் உரிமையாளர் அதனை முதலிடத்திற் காணலாம். சில தெருக்கள் தள்ளி நிற்பவருக்கோ அது தோன்றாமலே போகலாம். உரிமையாளர் அடையும் மனநிறைவு பெரிதும் மாயையே. 2015 ஆகஸ்டில் வரைபடத்துடன் காட்டப்படும் கடைகள் ஏழிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டமை இந்நிலையை மேலும் கடுமையாக்கிற்று.

நகர வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரே சொல்லைப் பல புள்ளிகளிலிருந்து தேடி, ஆங்காங்கு கிடைக்கும் நிலையைக் குறிக்கும் முறை இதனாலேயே எழுந்தது. அவற்றின் சராசரியைக் கண்டு அமைவோரும் உளர். வாடிக்கையாளர் வாழும் தெருவிற் கடை தோன்றாவிடின் அச்சராசரியாற் பயனில்லை. அதே புள்ளிகளில் வாரந்தோறும் தேடி ஒப்பிடும்போதே கடையின் பெயர் எத்தெருவரை எட்டுகின்றது, எங்கே மறைகின்றது என்பது புலனாகின்றது.