தெபொராளின் பாட்டு: கதைக்குள் ஒரு கவிதை

எபிரேய வேதாகமத்தின் வரலாற்று நூல்களில் உரைநடைக் கதையின் நடுவே பழம்பாடல்கள் வருகின்றன. சிலப்பதிகாரத்தை 'உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்' என்பர். இங்கோ உரையின் இடையே பாட்டு நிற்கிறது. நியாயாதிபதிகள் நூல் இதற்குச் சிறந்த சான்று. கானானியப் படைத்தலைவன் சிசெராவின் தோல்வியை அதன் 4ஆம் அதிகாரம் உரைநடையாகவும், 5ஆம் அதிகாரம் தெபொராளின் பாட்டாகவும் கூறுகின்றன.

இரண்டும் முழுவதும் ஒத்துப்போவதில்லை. உரைநடையில் நப்தலி, செபுலோன் என்னும் இரு கோத்திரங்களே போருக்குத் திரட்டப்படுகின்றன. பாட்டோ ஆறு கோத்திரங்களைப் புகழ்ந்து, வராத நான்கைக் கடிந்துகொள்கிறது. சிசெராவின் 900 இரும்பு ரதங்களைக் குறிப்பிடுவது உரைநடை; கீசோன் நதி பகைவரை அடித்துச் சென்றதைச் சொல்வது பாட்டு. உரைநடையில் யாகேல் உறங்கும் சிசெராவைக் கொல்கிறாள். பாட்டில் அவன் அவள் காலடியில் மடங்கி விழுகிறான்.

இதை முரண்பாடு என்று உடனே தள்ளிவிடக் கூடாது. ஒரே கருத்தை இணைவரிகளில் அடுக்கிச் சொல்வது எபிரேயக் கவிதை மரபு. வீழ்ச்சியைப் பாடுவது சாட்சியின் வாக்குமூலம் ஆகாது. அதே வேளையில், மொழியின் பழமையைக் கொண்டு பாட்டே உரைநடைக்கு முந்தியது என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

தமிழிலும் இப்பகுதிக்கு நீண்ட வரலாறு உண்டு. தரங்கம்பாடியில் 1719இல் மறைந்த சீகன்பால்கு, பழைய ஏற்பாட்டை நியாயாதிபதிகளுக்கு அடுத்த ரூத் நூல் வரை மொழிபெயர்த்திருந்தார்.