ஐபி 67: ஓர் உரை

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னையில் மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் பேட்டரி லேபிளில் உள்ள ஒரு வரியைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். “ஐபி 67 சார், மழையில தாராளமா சார்ஜ் போடலாம்.” அந்த வரி எதுவரை துணைக்கு வரும்?

ஐபி: வெளியிலிருந்து தூசியும் தண்ணீரும் புகாதபடி ஓர் உறை எவ்வளவு காக்கிறது என்பதற்கான குறியீடு. ஐஇசி 60529 என்ற பன்னாட்டுத் தரம் இதை வரையறுக்கிறது. எந்தப் பாகத்தில் அச்சாகியிருக்கிறதோ அந்தப் பாகத்துக்கு மட்டுமே இது பேசும். பேட்டரிக்கு 67 என்றால் சார்ஜருக்கும் அதே எண் என்று கொள்ளக் கூடாது. சார்ஜர் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அதன் எண் வேறாக இருக்கலாம்.

6: தூசிக்கானது. இதுவே உச்ச அளவு. மழைப் பேச்சில் இதற்கு வேலையில்லை.

7: ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடந்தாலும் கெடுதல் செய்யும் அளவுக்கு நீர் உள்ளே போகாது என்று பொருள். சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். நம் தெருவில் தேங்குவதோ சாக்கடை கலந்த நீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் அது நாள்கணக்கில் வடியாமல் நின்றது. அரை மணி நேரச் சான்று அங்கே செல்லாது. உப்புநீர் இன்னும் கொடியது: 2022இல் புளோரிடாவில் இயன் சூறாவளிக்குப் பிறகு, கடல்நீரில் மூழ்கிய மின்கார்களில் சில, வெள்ளம் வடிந்தபின் தீப்பிடித்தன. எனவே வெள்ளத்தில் மூழ்கிய வண்டி காய்ந்துவிட்டது என்று நம்பிச் சார்ஜ் போடாதீர்கள். வீட்டை ஒட்டி நிறுத்தாமல், சர்வீஸ் ஆளை வரவழைத்துக் காட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மூழ்குவதைத் தாங்கும் உறை, பீய்ச்சி அடிக்கும் நீரையும் தாங்கும் என்று இந்த எண் சொல்லவில்லை. அதற்கு இரண்டாம் இலக்கத்தில் 5, 6 என்று தனிச் சோதனைகள் உள்ளன. வாட்டர் வாஷ் கடையில் சார்ஜிங் துளைக்கு நேராக பிரஷர் கன்னைப் பிடிக்க விடாதீர்கள்.

எழுதப்படாதது: சுவர். லேபிள் எத்தனை சொன்னாலும், கரண்ட் வருவது போர்ட்டிகோவில் சாரல் படும் ஒரு சாக்கெட்டிலிருந்து. சில வீடுகளில் ஈரத்தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து. உயிரைக் குடிக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். எர்த் பின்னை உடைத்துவிட்டோ, இரண்டு பின் அடாப்டர் போட்டோ சார்ஜரைச் செருகுவது காப்பை நாமே கழற்றி எறிவதாகும்.

மெயின் போர்டில் ‘30 எம்ஏ’ என்று எழுதிய ஆர்சிசிபி இருக்கிறதா பாருங்கள். போன கரண்டும் திரும்பிய கரண்டும் ஒத்துவராமல், அந்த வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், அது கண்ணிமைப்பதற்குள் விழுந்துவிடும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அந்தச் சின்னக் கசிவு தெரியவே தெரியாது. ஆளைக் கொல்ல அந்தக் கசிவே போதும். “மழை வந்தாலே ட்ரிப் ஆகுது” என்று ஆர்சிசிபியைத் தவிர்த்து நேர் இணைப்புக் கொடுக்கும் பழக்கம் எனக்குக் கோபத்தையும் அச்சத்தையும் ஒருசேரத் தருகிறது. அது விழுகிறதென்றால் எங்கோ ஈரம் புகுந்து கரண்ட் கசிகிறது. எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த இடத்தைத்தான் தேட வேண்டும்.

மழை தொடங்குமுன் ஆர்சிசிபியில் உள்ள ‘டி’ பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், விழாவிட்டால் மாற்றிவிடுங்கள். சாக்கெட்டை, மூடி உள்ள பெட்டிக்குள், முழங்கால் உயரத்துக்கு மேலே வையுங்கள். ஒயரைச் சாக்கெட்டுக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றிச் செருகினால், அதன்மேல் வழியும் நீர் சாக்கெட்டுக்குள் போகாமல் தாழ்ந்த வளைவிலேயே சொட்டிவிடும்.