மூடிய சுரங்கத்தைத் திறப்பது எளிதோ?

சோலையார்பேட்டையினின்று பெங்களூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், குப்பத்தையும் குடுப்பள்ளியையும் கடந்தால் பிசாநத்தம் என்னும் சிறு நிலையம் வரும். விரைவு வண்டிகள் அங்கு நிற்பதில்லை. சன்னலோரம் அமர்ந்திருப்போர் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் வண்டி கடந்துவிடும். ஆயினும், நம் சித்தூர் மாவட்டத்தின் மேற்கு மூலையிலுள்ள இவ்வூரின் பெயர், நாட்டின் தங்கச் சுரங்க வரலாற்றில் ஓரிடம் பெற்ற பெயராகும். சங்கக் கூட்டமொன்று முடிந்து பேசிக்கொண்டிருந்தபொழுது, "தங்கம் இன்று விற்கும் விலைக்குப் பிசாநத்தத்தையும் கோலாரையும் மீண்டும் திறந்துவிட்டால் என்ன?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். "பூட்டியதைத் திறக்கச் சாவிதானே வேண்டும்!" என்றார் மற்றொருவர். சாவி மட்டும் போதுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சி நமக்கு எதற்கு என்று எவரும் எண்ணிவிட வேண்டா. 1911-ஆம் ஆண்டிற்றான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன்னர் சித்தூரும் திருப்பதியும் வடாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அந்த வடாற்காட்டின் வறண்ட ஊர்களிலிருந்தும், சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும், மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் நடந்து சென்ற இடம் கோலார் தங்கவயல். என் தாயைப் பெற்ற பாட்டனாரின் இளவல் ஒருவரும் அவ்வாறு சென்று, அங்கேயே மண்ணானவர். நம் காலனியிலும் அங்கே உறவுடையோர் இல்லாத தெரு இராது என்றே நினைக்கிறேன்.

வியப்பு என்னவெனில், கோலார் தங்கவயலே மூடிக் கிடந்ததைத் திறந்ததனால் உண்டான ஊர்தான். திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்தபின், மைசூர் அரசின் கீழெல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்னும் படை அலுவலர், 1802-இல் இப்பகுதியில் தங்கம் உண்டு எனும் செவிவழிச் செய்தியைக் கேட்டார். தங்கம் காட்டுவோர்க்குப் பரிசு என்று அவர் அறிவித்ததும், உரிகம் சிற்றூரார் வண்டிகளில் மண்ணைக் கொணர்ந்து அவர் கண்முன்னே அரித்துப் பொன்துகள் காட்டினர். மாரிக்குப்பத்தருகே ஊரார் ஆழமான குழிகளில் இறங்கிக் கல் கொணர்வதையும் அவர் கண்டெழுதினார். அவர்களுக்கு முன்னரும் யாரோ தோண்டி, யாரோ கைவிட்டுச் சென்றிருந்தனர். அப்பழங்காலத்தாரின் பெயரை எந்தக் கல்வெட்டும் நமக்குச் சொல்லவில்லை.

வாரனின் குறிப்பை எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர் வாசித்தவர் மைக்கேல் லவெல். ஐரிஷ்காரர், நியூசிலாந்துப் போரில் ஈடுபட்டு ஓய்வுபெற்றுப் பெங்களூரில் வாழ்ந்தவர். 1875-இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். கைப்பொருள் போதாமையால் அவ்வுரிமை பிறர் கைக்கு மாறியது. 1880-இல் இலண்டன் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. வந்தும் என்ன? மைசூர்க் கம்பெனி தோண்டித் தோண்டிப் பணத்தையெல்லாம் மண்ணிலே போட்டு, மூடிவிட்டுப் போகலாமா என்று பங்குதாரர்கள் கூடிப் பேசும் நிலைக்கு வந்துவிட்டது. எஞ்சிய சிறு தொகையைக் கொண்டு, பிளம்மர் என்னும் சுரங்கத் தலைவர் பழங்காலத்தார் கைவிட்ட குழிகளையே மறுபடி துப்புரவாக்கி, அவற்றின் அடியைத் தொடர்ந்து சென்றார். அங்கேதான் சாம்பியன் என்று பின்னாளில் பெயர் பெற்ற பொற்பாறைத் தொடர் அகப்பட்டது. பழையோர் நிறுத்திய இடத்திற்குக் கீழே செல்வம் காத்திருந்தது! இக்கதையை மனத்திற்கொண்டுதான், இன்றைய கோலாரையும் அவ்வாறே திறக்கலாம் என்று பலர் எளிதாகப் பேசுகின்றனர். ஆனால் பிளம்மர் திறந்தது கைக்கருவியால் தோண்டிய குழி. இன்று திறக்க வேண்டியது யாது என்பதை இனிப் பார்ப்போம்.

1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை பத்து மைல் கிளைப்பாதை இடப்பட்டது. பௌரிங் துரையின் பெயரால் விளங்கிய அவ்வூர்தான் இன்றைய பங்காருப்பேட்டை. பொன்னுக்குத் தெலுங்கில் பங்காரம் என்று பெயராதலின் பெயர் மாற்றம் பொருத்தமே. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீர்வீழ்ச்சியினின்று எடுத்த மின்சாரம், ஏறத்தாழ 92 மைல் தொலைவு கம்பி வழியே தங்கவயலுக்கு வந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்கம்பித் தொடர்களுள் அஃது ஒன்று. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கு முன்னரே தங்கவயல் மின்சாரம் கண்டது.

மின்சாரம் வந்தபின் ஆழம் பெருகியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பத்தாயிரம் அடியையும் தாண்டி, ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் சென்றது. நம் திருமலையைப் போல் மூன்று மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைகீழாய்ப் புதைத்தாலும் அவ்வாழம் நிரம்பாது. அடியில் பாறையின் வெப்பம் 65 டிகிரி சென்டிகிரேடு அளவு. மேலிருந்து குளிரூட்டிய காற்றை இறக்கினாலன்றி மனிதன் அங்கே நிற்க இயலாது. கல்லை எடுத்த இடம் வெற்றிடமாக, மேலுள்ள பாறையின் பாரம் தாங்காது சுற்றுப்பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். இதனை ஏர் பிளாஸ்ட் என்பர். அவ்வொலியும் அதிர்வும் மேலே உள்ள வீடுகளின் பாத்திரங்களை அசைக்கும். எந்த நேரத்து ஷிப்டில் தம்மவர் கீழே இருக்கின்றனர் என்று பெண்டிர் விரல்விட்டு எண்ணுவராம்.

இவ்வாழத்தினால் விஞ்ஞானத்திற்கும் ஒரு நன்மை விளைந்தது. வானிலிருந்து வரும் பிற கதிர்களையெல்லாம் பாறை தடுத்துவிடுதலால், எதனையும் ஊடுருவும் நியூட்ரினோ என்னும் நுண்துகளைத் தேட டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார், ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகளுடன் கூடி இங்கே கருவிகளை அமைத்தனர். 1965-இல் வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் அடையாளத்தைக் கண்டு உலகிற்கு அறிவித்தனர்.

பொன் எடுத்தோர் வாழ்ந்ததோ மூங்கில் தட்டி வீடுகளில். குனிந்துதான் உட்புக வேண்டும். மேட்டில் துரைமாரின் பங்களாக்களும் கிளப்பும் கோல்ஃப் திடலும். பள்ளத்தில் லைன் லைனாகத் தட்டிகள். சின்ன இங்கிலாந்து என்று அம்மேட்டைப் புகழ்ந்தெழுதியவர்கள் பள்ளத்திற்கு இறங்கி வரவில்லை போலும். 1930-இல் கைரேகை பதித்துத் தொழிலாளரைப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து அனைவரும் வேலைநிறுத்தம் செய்தனர். தங்களைத் திருடர்போல் நடத்துவதை அவர்கள் பொறுக்கவில்லை.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962-இல் மைய அரசு ஏற்றது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் நிறுவனம் தோன்றியது. பிசாநத்தமும் அதனையடுத்த சிகர்குண்டாவும் இந்நிறுவனத்தின் கிளைச் சுரங்கங்களாயின. கோலாரின் பாறைத் தொடரே தெற்கே நீண்டு நம் குப்பம் பகுதிக்குள் வருகிறது. மாநில எல்லைக்கோடு பாறைக்குத் தெரியாதன்றோ? ஆனால் தொடக்கத்தில் ஒரு டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல் கிட்டிய பொன், இறுதியில் மூன்று கிராம் அளவிற்குச் சுருங்கிவிட்டது. நெடுங்காலம் உள்நாட்டுச் சந்தை விலைக்கன்றி, அதனினும் குறைந்த பன்னாட்டு விலைக்கே பொன்னை அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தமையால் கணக்கில் நட்டம் மட்டுமே ஏறியது. 2001 பிப்ரவரி இறுதியில் கோலார் மூடப்பட்டது. குப்பம் பக்கத்துச் சுரங்கங்களும் உடன் அடங்கின. நூற்றிருபது ஆண்டுகளில் ஐந்து கோடி டன் கல்லை உடைத்து ஏறத்தாழ 800 டன் பொன் எடுத்தபின், மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் வேலையிழந்து வீடு திரும்பினர்.

இனி நண்பரின் சாவிக்கு வருவோம். எங்கள் ரயில்வேயில் ஒரு பாதையை ஐந்தாண்டு மூடிவைத்தால் தண்டவாளம் துருப்பிடிக்கும், சரளையில் புல் முளைக்கும், பாலத்தின் அடி அரிக்கும். பனிமலை நாடுகளில் சறுக்கு விளையாட்டுக்கென அமைத்த சரிவுகள் சில ஆண்டு மூடப்பட்டாலும், ஆட்களை மேலேற்றும் கம்பிவடத்தைப் பொறியாளர் முற்றும் சோதித்துச் சான்று தந்த பின்னரே மறுபடி ஒருவரை ஏற்றலாம். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பழுதுகள். சுரங்கத்தின் பழுதோ கண்ணுக்குத் தெரியாது. பொறிகளை நிறுத்திய அன்றே ஊற்றுநீர் அடியிலிருந்து ஏறத் தொடங்கிவிடும். ஒரு சுரங்கத்திற்கும் அடுத்ததற்கும் உள்ளே வழிகள் இருத்தலால், ஒன்றில் மட்டும் இறைத்துப் பயனில்லை. அனைத்திலும் இறைக்க வேண்டும். இறைத்த நீரை எங்கே விடுவது? ஏரியில் விட்டால் உழவர் ஒப்புவரோ? நீர் வற்றியபின் நனைந்து மக்கிய மரச்சட்டங்கள் பாறையைத் தாங்குமா? கேஜ் இறங்கும் குழியின் இரும்பு எத்தனை அரித்திருக்கிறது? ஒருவர் இறங்கிப் பார்க்கும்வரை இவற்றுக்கு விடை இல்லை. இவற்றைச் சரிசெய்யாமல் ஒருவரும் இறங்கவும் கூடாது. ஒரு கிராம் பொன் கிட்டுமுன் பல ஆண்டுகள் பெருஞ்செலவு செய்ய எவர் முன்வருவர்?

நீரை இறைக்கப் பொறியுண்டு. கோப்புகளை இறைக்கப் பொறியில்லை. 2006-இல் உலகளாவிய டெண்டர் விடலாம் என மைய அமைச்சரவை முடிவு செய்தது. பழைய தொழிலாளர் கூட்டுறவு அமைத்து, நாங்களே நடத்துகிறோம் என்றனர். வழக்கு நடந்து, 2013-இல் உச்ச நீதிமன்றம் டெண்டருக்கு வழிவிட்டது. 2015-இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு ஏலமே முறை என்றாயிற்று. 2024 ஜூனில், மேலே குவிந்து கிடக்கும் 13 சயனைடு மண்மேடுகளிலிருந்து பொன்னைப் பிரித்தெடுக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. அம்மேடுகளின் மண் மூன்று கோடி டன்னுக்கு மேல். டன்னுக்கு ஒரு கிராம் பொன்கூட இராது. ஆயினும் நீரிறைக்கவும் வேண்டா, ஆழம் இறங்கவும் வேண்டா. ஆகவே கணக்கு அங்கே கட்டுகிறது. இதனைச் சுரங்கம் திறந்ததாகச் சிலர் கொண்டாடினர். வாசல் மண்ணைச் சலிப்பதை வீடு திறந்ததாகக் கொள்ளலாமா?

நம் பக்கத்திலோ, சிகர்குண்டா பிசாநத்தம் பகுதியை 2018-இல் ஏலத்தில் எடுத்தது என்.எம்.டி.சி. என்னும் அரசு நிறுவனம். இங்கே டன்னுக்கு ஐந்து கிராம் அளவு பொன் எதிர்பார்க்கப்பட்டது. ஆழமும் கோலாரினது போன்றதன்று. அப்படியிருந்தும் ஏலம் முடிந்த கையோடு பொன் வந்துவிடவில்லை. நிலம், சுற்றுச்சூழல் இசைவு, ஊராரின் கருத்துக் கேட்பு என ஒவ்வொன்றும் ஒரு வாயிற்படி.

எங்கும் இயலாது என்று கூறுவதற்கில்லை. ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டியில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறுநூறு அடிவரை தோண்டியிருந்தனர். அதே ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கும் வந்து, பொருள் போதாமையால் 1920-இல் மூடிச் சென்றனர். 1947-இல் ஐதராபாத் அரசு அதனை மறுபடி திறந்தது. மூடியபின் இருபத்தேழு ஆண்டு! ஆழம் கோலாரினும் குறைவு; பாறையில் பொன் எஞ்சியிருந்தது; அரசே பொருள் போட்டது. அன்று கோலார் நன்றாக இயங்கிக்கொண்டிருந்த காலமாதலின், தொழில் அறிந்த ஆட்களும் அருகிலேயே கிடைத்தனர் என்பது என் எண்ணம்.

இந்த ஆட்களைப் பற்றித்தான் எந்த டெண்டரிலும் ஒரு வரியும் காணோம். எந்தப் பாறை எப்பொழுது முனகும், எந்த மட்டத்தில் காற்று கெடும், எந்தத் தட்டலுக்குக் கூரை பொய்யாக ஒலிக்கும் என்பவற்றை ஏடு பார்த்து அறிய முடியாது. தந்தை மகனுக்குக் கீழே வைத்துச் சொல்லித் தந்தவை அவை. 2001-இல் முப்பது வயதிலிருந்தவர் இன்று ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டார். கல்தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயால் இருமுவோரும் பலர். அவர்தம் பிள்ளைகளுக்குச் சுரங்கத்தினுள் இறங்கும் எண்ணமே இல்லை. அவர்கள் கேட்பவை வேறு: பாக்கித் தொகை எப்பொழுது, குடியிருக்கும் லைன் வீடு எவர் பெயரில், காற்றடித்தால் வீட்டிற்குள் வந்து விழும் சயனைடு மண்ணை யார் தடுப்பர்? சுரங்கம் திறக்குமானால் அவ்வீடுகள் நிற்குமா என்பதும் அவர்தம் கேள்வி.

மாரிக்குப்பத்துக் கிளைப்பாதையோ ஒருநாளும் மூடப்படவில்லை. விடியுமுன் புறப்படும் வண்டியில் மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் கூட்டம் ஏறுகிறது. கையில் சோற்றுத் தூக்கு, தோளில் பை. ஆலை வேலைக்கும் கடை வேலைக்கும் கட்டட வேலைக்கும் பெங்களூர் சென்று, இரவு அதே வண்டியில் திரும்புகின்றனர். சென்ற கோடையில் உறவினர் திருமணத்திற்காக அவ்வழி சென்றபொழுது, உரிகத்தில் ஏறிய முதியவர் ஒருவர் என்னருகே அமர்ந்தார். சுரங்கம் மறுபடி திறக்குமா ஐயா என்று அவரிடம் கேட்டேன். சன்னலுக்கு வெளியே நின்ற துருப்பிடித்த தூக்குச் சக்கரக் கோபுரத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "மண்மேட்டைச் சலிக்க வருவாங்களாம் தம்பி, ஆள் எடுப்பாங்களான்னு என் பேரன் கேட்டுட்டு வரச் சொன்னான்" என்றார்.