நரைத்துப்போன மரக் கைப்பிடி: தேக்கா, வேங்கையா? கண்டுபிடித்துப் புதுப்பிப்பது எப்படி?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் வெயிலும் மழையும் போதாதென்று, பனிமூட்டமும் மாதக்கணக்கில் இருக்கும். அங்கே வெளித்திண்ணையிலோ படிக்கட்டிலோ மரக் கைப்பிடி வைத்த வீட்டுக்காரர்கள் சொல்லும் புகார் ஒன்றுதான்: "புதுசா போட்டப்போ தங்கம் மாதிரி இருந்துச்சு, இப்போ சாம்பலா போச்சு." உடனே அதைப் பிடுங்கிவிட்டு ஸ்டீல் பைப் போடச் சொல்லி நாலு பேர் யோசனை சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். நல்ல வைரம் பாய்ந்த மரமாக இருந்தால், கெட்டுப்போனது பெரும்பாலும் மேல்தோல் மட்டும்தான்.

மரம் ஏன் நரைக்கிறது?

மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை போன்ற பொருளுக்கு லிக்னின் என்று பெயர். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இதைச் சிதைக்கிறது. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போக, வெளிறிய நார் மட்டும் மிஞ்சுகிறது. கடல் மட்டத்தில் இருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிரின் வீச்சு சுமார் 10 சதவீதம் கூடும். கொல்லிமலை 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம் என்பதால், குளிர்ச்சியாக இருக்கிறதே என்று வெயிலை லேசாக நினைக்க முடியாது.

ஆனால் இந்த அரிப்பு ரொம்ப மெதுவானது. அடர்த்தியான மரங்களில் 100 ஆண்டுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் தேயும். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சை. ஆணி, ஸ்க்ரூவைச் சுற்றி மட்டும் மை கொட்டியது போலக் கறுத்திருந்தால், மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கிய கறை.

பாலிஷுக்கு முன்னால் இதைப் பாருங்கள்

கைப்பிடி அழகுக்காக மட்டும் இருப்பதில்லை. குழந்தையும் வயதானவர்களும் முழு எடையையும் போட்டுச் சாய்வது அதன் மேல்தான். ஒரு ஸ்க்ரூடிரைவரால் தூண்களின் அடிப்பகுதி, மூட்டுகள், தண்ணீர் தேங்கும் கீழ்ப்பக்கம் ஆகிய இடங்களைக் குத்திப் பாருங்கள். முனை மெத்தென்று உள்ளே இறங்கினால் அங்கே மரம் உளுத்துவிட்டது. தட்டினால் பொத்தலான சத்தம் வந்தால் கரையான் இருக்கலாம். அந்தத் துண்டை மாற்றியே ஆக வேண்டும். அதன் மேல் பாலிஷ் அடிப்பது ஆபத்தை மூடி மறைப்பதுதான்.

என்ன மரம்?

நரைத்த நிலையில் எல்லா மரமும் ஒரே மாதிரிதான் தெரியும். கண்ணில் படாத அடிப்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உள்நிறத்தைப் பாருங்கள்.

தங்கப் பழுப்பு நிறம், தோல் பொருள் போன்ற வாசனை, விரலில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு, வெட்டுமுகத்தில் தெளிவான ஆண்டு வளையங்கள் இருந்தால் தேக்கு. காரைக்குடிப் பக்கம் இடித்த பழைய வீடுகளில் இருந்து வாங்கி வந்த கைப்பிடி என்றால் பர்மா தேக்காக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மஞ்சளாக இருந்து நாளாக ஆகப் பழுப்பேறுவது பலா. கொல்லிமலையில் பலாவுக்குப் பஞ்சமில்லை என்பது ஊரறிந்தது.

வேங்கையைக் கண்டுபிடிக்க ஒரு சுவாரசியமான வழி இருக்கிறது. சில மரச்சில்லுகளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவிடுங்கள். தண்ணீர் பழுப்பேறி, வெயிலில் பிடித்தால் ஓரத்தில் நீலச் சாயல் மின்னும். வேங்கை மரக் குவளை என்று விற்கிறார்களே, அதில் ஊற்றிய தண்ணீர் நிறம் மாறுவதும் இதனால்தான். வேங்கையின் உறவு மரமான படாக்கும் இப்படிக் காட்டலாம் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக்கில் மீன் செதில் போன்ற புள்ளிகள் தெரியும். இது மழையில் நிற்கக்கூடிய மரம் அல்ல. கைப்பிடி இதில் செய்யப்பட்டிருந்தால், புதுப்பிக்கச் செலவு செய்வதற்கு முன் இருமுறை யோசிக்கலாம். ஊதா கலந்த கருங்கோடுகளும் நல்ல கனமும் இருந்தால் ஈட்டி எனப்படும் தோதகத்தியாக இருக்கலாம். இதைப் பாதுகாக்கவே தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டம் வந்தது. அதனால் அந்தக் கைப்பிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மாதிரியைப் பரிசோதிக்க முடியும். கோவையில் 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்தில் பலவகை மர மாதிரிகளை நேரிலேயே பார்க்கலாம்.

பழைய பூச்சு எது?

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேயுங்கள். பூச்சு கரைந்து ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ். வெளியில் அடிக்கவே கூடாத பூச்சு அது, ஈரம் பட்டால் வெளுத்துவிடும். ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னருக்குக் கரைந்தால் என்.சி. லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரித்தேன் போன்ற கெட்டி வார்னிஷ்.

பெயின்ட் அடித்த பழைய கைப்பிடி என்றால் கவனம் தேவை. வீட்டு உபயோக பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்த்தால் ஈயத் தூசி பறக்கும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். தண்ணீர் தொட்டு ஈரமாகவே தேய்க்க வேண்டும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது. பெயின்ட் இல்லாத மரமானாலும் மாஸ்க் அவசியம். கடின மரத்தூளை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

சுத்தம் செய்வது எப்படி?

சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷும் போதும். இரும்பு பிரஷ் வேண்டாம், அதன் துகள்களே புதுக் கறையாகிவிடும். நரையையும் இரும்புக் கறையையும் எடுக்க ஆக்ஸாலிக் ஆசிட் தூள் நன்றாக வேலை செய்யும். பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம் கரைத்துப் பூசி, 15 நிமிடம் கழித்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இது விஷம் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

பூஞ்சைக்குப் பிளீச்சிங் கரைசல் போடுபவர்கள் அதையும் இந்த ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒன்றை முழுக்கக் கழுவிவிட்டு, மற்றதை வேறொரு நாள் போடுங்கள்.

இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்த பிறகு 80, அடுத்து 120 நம்பர் உப்புத்தாள், நார் ஓடும் திசையிலேயே. அதற்கு மேல் வழவழப்பாக்கினால் எண்ணெய் உள்ளே இறங்காது. துருப்பிடித்த ஸ்க்ரூக்களை இப்போதே எஸ்.எஸ். ஸ்க்ரூவாக மாற்றிவிடலாம்.

எண்ணெயா, வார்னிஷா?

வார்னிஷ் பளபளப்பாக இருக்கும். ஆனால் எங்காவது ஒரு கீறல் விழுந்து ஈரம் புகுந்தால் தோலுரிந்து வரும், மறுபடி முழுக்கச் சுரண்ட வேண்டும். கொல்லிமலைப் பனிக்கு எண்ணெய்ப் பூச்சே தோது. தேய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசிக்கொள்ளலாம். கடையில் "டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்" மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் ஈரமான இடத்தில் பூஞ்சைக்கு அதுவே தீனி. புற ஊதாத் தடுப்பும் பூஞ்சைக் கொல்லியும் சேர்த்த, வெளிப்புற மரத்துக்கான எண்ணெயை வாங்குங்கள். நிறமற்றதைவிட லேசான பழுப்பு நிறம் கலந்தது வெயிலை அதிகம் தாங்கும். பாதி வேலையில் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற முடியாது, எல்லாவற்றையும் மலை ஏறும் முன்பே வாங்கிவிடுவது நல்லது.

மழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரை வேலைக்கு ஏற்ற காலம். பனி விலகிய பின் காலை 10 மணிக்கு மேல் தொடங்கி, மாலை ஈரம் இறங்கும் முன் முடித்துவிட வேண்டும். மெல்லிசாகப் பூசி, 15, 20 நிமிடத்தில் மிச்ச எண்ணெயைத் துடைத்துவிட்டு, மறுநாள் இரண்டாவது கோட். தூணின் அடி, வெட்டுமுகம் ஆகிய இடங்களில் கூடுதலாகக் குடிக்க விடுங்கள், தண்ணீர் ஏறுவது அங்கிருந்துதான்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது சூடாகி, நெருப்பே வைக்காமல் தானாகத் தீப்பற்றக்கூடியது அது. தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

அடுத்த மழைக்கு முன் கைப்பிடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. மரம் உறிஞ்சினால் அடுத்த கோட்டுக்கு நேரம் வந்துவிட்டது.