மகளிர் ரோலர் டெர்பி

ரோலர் டெர்பி என்பது சக்கரக் காலணி அணிந்த இரண்டு அணிகள் நீள்வட்டத் தடத்தில் இடஞ்சுழியாகச் சுற்றி வந்து ஆடும் உடல்மோதல் விளையாட்டு ஆகும். இதில் பந்து கிடையாது. எதிரணியினரைத் தாண்டிச் செல்வதே புள்ளி. ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய இவ்விளையாட்டு, 2001 முதல் பெண்களே நடத்தும் உள்ளூர்க் கழகங்களின் வழியாகப் பல நாடுகளுக்குப் பரவியது. இக்கழகங்களில் பெரும்பாலானவை தொழில்முறை சாராதவை. வீராங்கனைகள் சம்பளம் பெறுவதில்லை. மாறாகச் சந்தா செலுத்துகின்றனர். அரங்க வாடகையின் ஒரு பகுதி பார்வையாளர் வாங்கும் நுழைவுச்சீட்டிலிருந்து வருகிறது. ஆகவே இங்கு பார்வையாளர் என்பவர் ஆட்டத்தின் ஓரத்தில் இருப்பவர் அல்லர்.

வரலாறு

சிக்காகோவைச் சேர்ந்த லியோ செல்ட்சர் 1935 ஆகத்து மாதத்தில் சிக்காகோ கொலிசியம் அரங்கில் இதனைத் தொடங்கினார். முதலில் இது மோதல் விளையாட்டாக இருக்கவில்லை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணையாகப் பல நாட்கள் சுற்றிக்கொண்டே இருக்கும் நெடுந்தொலைவுப் பந்தயமாகவே இருந்தது. முந்துபவர்கள் தற்செயலாக இடித்துக்கொள்ளும்போதுதான் கூட்டம் ஆரவாரிக்கிறது என்பதைக் கவனித்த விளையாட்டு எழுத்தாளர் டேமன் ரன்யன், அந்த இடிபாடுகளையே விதியாக்குமாறு 1930களின் பிற்பகுதியில் யோசனை கூறினார். இன்றைய ஆட்டத்தின் அடிப்படை அங்கிருந்தே வருகிறது. அதாவது, விதியை மாற்றியதில் பார்வையாளரின் ஆரவாரத்திற்கும் பங்குண்டு.

பெண்களும் ஆண்களும் ஒரே விதியின் கீழ் ஆடியதும், பெண்கள் எடுத்த புள்ளிகள் சமமாக எண்ணப்பட்டதும் அக்காலத்தில் அரிதானவை. 1940களின் இறுதியில் தொலைக்காட்சி இதனைப் புகழ்பெறச் செய்தது. பின்னர் முடிவுகளை முன்கூட்டியே தீர்மானித்து நடிக்கும் காட்சியாக ஆட்டம் சரிந்தது. செல்ட்சரின் மகன் செர்ரி செல்ட்சர் 1973இல் நிறுவனத்தை மூடினார்.

டெக்சாசு மாநிலத்தின் ஆசுட்டின் நகரில் 2001இல் பெண்கள் சிலர் இதனை மீண்டும் எழுப்பினர். ஆட்டத்தை நடத்துவதாகக் கூறி அவர்களைத் திரட்டியவர் விலகிச் சென்றபின், அப்பெண்கள் தாங்களே அமைப்பை நடத்தத் துணிந்தனர். 2003இல் அவர்களுள் ஒரு பிரிவினர் டெக்சாசு ரோலர்கேர்ள்சு என்ற பெயரில் பிரிந்து, சாய்தளத் தடம் இல்லாமல் சமதளத்தில் ஆடினர். விளையாட்டின் பரவலுக்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம். சாய்தளத் தடத்தைக் கட்டுவதற்கும் வைத்துக் காப்பதற்கும் பெரும் பொருட்செலவு ஆகும். சமதளத் தடத்திற்குக் கயிறும் ஒட்டுநாடாவும் போதும். 2004இல் மகளிர் சமதள டெர்பி சங்கத்தின் முன்னோடி அமைப்பு உருவானது. இலண்டன் மகளிர் கழகம் 2006இல் தொடங்கப்பட்டது. முதல் உலகக்கோப்பை 2011 திசம்பரில் டொராண்டோவில் 13 அணிகளுடன் நடைபெற்றது. இறுதியாட்டத்தில் ஐக்கிய அமெரிக்கா 336–33 என்ற கணக்கில் கனடாவை வென்றது. பெருந்தொற்றுக் காரணமாக 2020 மார்ச்சில் சங்கத்தின் போட்டிகள் நிறுத்தப்பட்டன. நுழைவுச்சீட்டு வருவாயை நம்பியிருந்த கழகங்களுக்கு அது பேரிழப்பு.

ஆட்ட முறை

ஆட்டம் 30 நிமிடங்கள் கொண்ட இரண்டு பகுதிகளை உடையது. ஒவ்வொரு பகுதியும் ஜாம் எனப்படும் சிறு சுற்றுகளாகப் பிரிகிறது. ஒரு ஜாம் அதிகபட்சம் 2 நிமிடங்கள் நீடிக்கும். அடுத்ததற்கு முன் 30 நொடிகள் இடைவெளி. ஓர் அணிக்கு ஐவர் தடத்தில் இருப்பர். தலைக்கவச உறையில் விண்மீன் குறி உடையவர் ஜாமர். புள்ளி எடுக்கக்கூடியவர் அவர் மட்டுமே. மற்ற நால்வர் தடுப்பாளர்கள். அவர்களுள் கோடு பொறித்த உறை அணிந்தவர் பிவட். ஜாமர் தமது உறையைக் கழற்றிப் பிவட்டிடம் கொடுத்தால், அந்த ஜாமின் எஞ்சிய நேரத்திற்குப் பிவட்டே ஜாமர் ஆவார்.

ஜாமர் தடுப்பாளர் கூட்டத்தை முதன்முறை ஊடுருவுவதற்குப் புள்ளி இல்லை. சுற்றி வந்து மீண்டும் தாண்டும்போது, முறையாகத் தாண்டப்படும் ஒவ்வொரு எதிரணித் தடுப்பாளருக்கும் ஒரு புள்ளி வீதம், ஒரு சுற்றுக்கு 4 புள்ளிகள் வரை கிடைக்கும். தோள், இடுப்பு, உடற்பகுதி, மேல்தொடை ஆகியவற்றால் இடிக்கலாம். முதுகில் இடிப்பதும், தலையில் இடிப்பதும், முழங்கையால் தாக்குவதும், காலை இடறுவதும் குற்றம். குற்றம் செய்தவர் 30 நொடிகள் தண்டனை இருக்கையில் அமர வேண்டும். ஏழு தண்டனை பெற்றவர் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றப்படுவார்.

கபடி அறிந்தவருக்கு இது எளிதில் விளங்கும். கபடியில் பாடிச் செல்பவர் ஒருவர், சூழ்ந்து மடக்குபவர் பலர். டெர்பியில் இரு அணிகளும் ஒரே நேரத்தில் பாடிச் செல்கின்றன. தடுப்பாளர்கள் எதிரணி ஜாமரை மடக்கிக்கொண்டே தம் ஜாமருக்கு வழியும் திறக்க வேண்டும். கூட்டத்தை முதலில் முறையாகக் கடப்பவர் முன்னணி ஜாமர். அவர் இருகைகளாலும் இடுப்பைத் தட்டினால் ஜாம் அப்போதே முடிவுறும். எடுத்த புள்ளிகளுடன் நடுக்கோட்டைத் தொட்டுத் திரும்புவதைப் போன்றதே இதுவும். எதிரணி ஜாமர் புள்ளி எடுக்கும் முன் தட்டிவிடுவதா, இன்னொரு சுற்று முயல்வதா என்ற முடிவை அவர் ஓடிக்கொண்டே எடுக்க வேண்டும்.

பார்வையாளர்

முதன்முறை பார்ப்பவர்களுக்கு முதல் சில ஜாம்கள் குழப்பமாகவே இருக்கும். பந்தைப் பின்தொடர்ந்து பழகிய கண், இங்கு எதைப் பின்தொடர்வது என்று திகைக்கிறது. விண்மீன் குறியைப் பார்ப்பது தொடக்கத்திற்கு உதவும். ஆனால் ஆட்டத்தின் நுட்பம் தடுப்பாளர்களிடம் உள்ளது. மூவர் தோளோடு தோள் சேர்ந்து சுவராக நிற்பதும், இடித்துத் தடத்திற்கு வெளியே தள்ளப்பட்ட ஜாமரைத் தங்களுக்குப் பின்னால் உள்ளே வரச் செய்வதற்காகத் தாங்கள் பின்னோக்கி நகர்வதும் கவனித்துப் பார்க்க வேண்டியவை. ஆரவாரம் பெறும் பலத்த இடியைவிட, இந்தப் பின்னகர்வே பல நேரங்களில் அதிக நொடிகளை விழுங்குகிறது.

நடுவர்களின் சைகைகளும் பார்வையாளருக்கு வழிகாட்டும். இரண்டு குறுகிய ஊதல்கள் முன்னணி ஜாமரை அறிவிக்கின்றன. நான்கு குறுகிய ஊதல்கள் ஜாமின் முடிவு. தடத்தின் உட்புறத்தில் ஒவ்வொரு ஜாமரையும் ஒரு நடுவர் பின்தொடர்ந்து, எடுத்த புள்ளிகளை விரல்களால் காட்டுவார். நடுவர்களும் பதிவாளர்களும் பெரும்பாலும் தன்னார்வலர்களே.

பல அரங்குகளில் தடத்தை ஒட்டிய தரையில் அமரவும் இடமுண்டு. வீராங்கனைகள் மேலே வந்து விழக்கூடும் என்பதால் அங்கு சிறுவரை அனுமதிப்பதில்லை. சிலேடையாக அமைந்த புனைபெயர்களும் விளையாட்டின் மரபு. ஒருவர் பெயரை மற்றவர் எடுத்துவிடாமல் இருக்கப் பொதுப் பட்டியலே வைத்திருந்தனர். பின்னாளில் இயற்பெயரிலேயே ஆடுவோரும் பெருகினர். விளையாட்டா வேடிக்கையா என்ற பழைய கேள்விக்கு வீராங்கனைகள் அளித்த விடைகளுள் அதுவும் ஒன்று.

இந்தியாவில்

இந்திய உருளைச் சறுக்குக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிகளில் ரோலர் டெர்பியும் ஒரு பிரிவாகச் சேர்க்கப்பட்டுள்ளது. இக்கூட்டமைப்பு உலகச் சறுக்கு அமைப்பின் உறுப்பினர். மகளிர் சமதள டெர்பி சங்கமோ அவ்வமைப்பிலிருந்து விலகித் தனித்தே இயங்குகிறது. விதிகளை ஆடுபவர்களே வகுக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. எனவே இந்தியாவில் இவ்விளையாட்டு வீராங்கனைகளின் கழகங்களிலிருந்து மேலெழவில்லை. கூட்டமைப்பின் வழியாக மேலிருந்து வந்துள்ளது.

சக்கரக் காலணியில் தமிழகப் பெண்கள் பெற்ற பெயர் விரைவோட்டத்தில் உள்ளது. அங்சூ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2023 அக்டோபர் 2 அன்று 3000 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலம் வென்ற இந்திய மகளிர் அணியில் தமிழகத்தின் ஆரத்தி கஸ்தூரிராஜ், கார்த்திகா ஜெகதீசுவரன் ஆகியோர் இடம்பெற்றனர்.

சமதளத் தடத்தின் அளவு ஏறத்தாழ 27 மீட்டர் நீளம், 17 மீட்டர் அகலம். இது 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடைய கூடைப்பந்துத் திடலுக்கு நெருக்கமானது. சுற்றிலும் விட வேண்டிய 10 அடி இடைவெளியையும் சேர்த்தால் 33 மீட்டருக்கு 23 மீட்டர் தேவைப்படும். நெய்வேலி போன்ற நகரியத்தில் இவ்வளவு பரப்புள்ள வழுவழுப்பான தளம் ஒன்று கிடைத்தால், தடம் அமைப்பது ஒரு மாலைப்பொழுதின் வேலை.